தனியார் வேறு, சந்தை வேறு: மருத்துவக் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவத்தில் போட்டி வேண்டும், நோயாளிக்குத் தேர்வு வேண்டும் என்று நான் ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். "அப்போ காசு இருக்கிறவன்தான் பிழைக்கணுமா?" என்பார். அதன் பிறகு வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கல்யாணப் பந்தியிலும் ரயில் பெட்டியிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வாதம் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

என் உடம்புக்கு என்ன செய்வது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு விலை முன்கூட்டியே தெரிய வேண்டும். பிடிக்காவிட்டால் எழுந்து வேறு இடம் போக வழி இருக்க வேண்டும். அப்படி ஒரு வேறு இடம் முளைப்பதை யாரும் தடுக்கக் கூடாது. அரசு தாராளமாகச் செலவு செய்யட்டும், ஆனால் அந்தக் காசு நோயாளி போகும் இடத்துக்குப் போகட்டும்.

ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி லைசன்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்ஜியம் என்று எதைத் திட்டினாரோ, அதில் பெரும்பகுதி 1991க்குப் பிறகு தொழில்துறையை விட்டுப் போய்விட்டது. மருத்துவத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறதே. நீங்கள் கேட்கும் சந்தை இதுதானே?

இந்தக் குழப்பம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். தனியார் என்றால் சொந்தக்காரர் அரசாங்கம் இல்லை, அவ்வளவுதான் பொருள். சந்தை என்றால் வாங்குபவர் விலை கேட்டு, நாலு கடை பார்த்து, வேண்டாம் என்று திரும்பி வர முடிகிற ஏற்பாடு. உழவர் சந்தையில் அன்றைய தக்காளி விலை வாசலிலேயே பலகையில் எழுதியிருக்கும். எந்த ஆஸ்பத்திரி வாசலில் அப்படிப் பார்த்திருக்கிறீர்கள்?

என் தாய்மாமனுக்குக் குடலிறக்கம். அவசரம் ஒன்றுமில்லை, அடுத்த மாதம்கூடச் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். சரி, விலை விசாரிப்போம் என்று பில்லிங் கவுண்ட்டருக்குப் போனேன். "எந்த ரூம் எடுக்கிறீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், ரூமை அப்புறம் பார்ப்போம் என்றேன். "ரூம் சொன்னாத்தான் சார் ஆபரேஷன் ரேட் சொல்ல முடியும்." எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். பொது வார்டில் படுத்தால் ஒரு ரேட், தனி அறை என்றால் இன்னொன்று, ஏசி தனி அறை என்றால் மற்றொன்று. அறை வாடகை மாறுவது நியாயம்தான். இங்கே டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்து ஏறுகின்றன. அதே டாக்டர், அதே மேஜை, வயிற்றுக்குள் வைக்கும் அதே வலை. ஏசி அறைக்காரருக்குக் கத்தி கொஞ்சம் கூடுதல் கூர்மையாக இருக்குமோ என்னவோ.

மூன்று வகை அறைக்கும் மொத்தத் தொகையை எழுதித் தாருங்கள் என்றேன். எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றார். "சுமாரா வரும் சார், கூடக் குறைய ஆகும்."

இந்த ஏற்பாட்டுக்குத் தனியார் என்று பெயர் வைக்கலாம். சந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எதையும் விலை கேட்டுத்தான் வாங்குகிறோம். தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் குடும்பங்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2013-14இல் அது 64.2 சதவீதம். இவ்வளவு காசை எண்ணிக் கொடுக்கிற மக்களுக்கு ஒரு விலைப்பட்டியல் கிடைப்பதில்லை.

2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு 2012இல் வந்த விதிகள், கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் வைக்கச் சொல்கின்றன. அந்தச் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எந்தச் சட்டமானாலும் சரி, விலையை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி தானே நிர்ணயித்துக்கொள்ளட்டும், ஆனால் அதை வாசலில் எழுதி வைக்கட்டும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் விலை விசாரித்துக்கொண்டு இருப்பானா?

மாட்டான். இது நல்ல கேள்வி. மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றது இல்லை, எப்போது தேவைப்படும் என்று தெரியாது, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963லேயே எழுதினார். அதை மறுத்துச் சந்தை பேசுவது வீண்.

ஆனால் மருத்துவம் முழுக்க அவசரம் என்று வைத்துக்கொள்வதும் தப்பு. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று, பிரசவம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, பல், காது மெஷின் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். யோசிக்க நேரம் இருக்கிறவைதான் அதிகம். மாமாவின் குடலிறக்கம் இரண்டு வருஷமாக அவரோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அவசரத்துக்கு என்ன வழி? இரண்டு மாநிலங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜஸ்தான் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. முன்பணம் கேட்காமல் தனியார் ஆஸ்பத்திரிகள் அவசர சிகிச்சை தர வேண்டும். நல்ல எண்ணம்தான். பணத்தை அரசு திருப்பித் தரும் என்றும் சட்டம் சொன்னது, ஆனால் எப்படி, எப்போது, எந்த ரேட்டில் என்பதில் டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம். கடைசியில் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு விலக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

தமிழ்நாடு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பட்டியலில் சேர்ந்த அறுநூறுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் பாதிக்கு மேல் தனியார். சிகிச்சைக்கு ரேட் பேசி, அரசு காசு கொடுத்து வாங்கியது. யாரும் கொடி பிடிக்கவில்லை.

அடிபட்டுக் கிடப்பவரைக் காப்பாற்றும் கடமை எந்த டாக்டருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான செலவு ஊரார் பொதுப்பையிலிருந்து போக வேண்டும். வழியில் இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு நர்சிங் ஹோம்காரர் தலையில் கட்டக் கூடாது. ஏழைக்குச் சோறு போட வேண்டும் என்றால் எல்லோரும் வரி கட்டிப் போடுகிறோம். பக்கத்து மெஸ்காரரைப் பிடித்து நீ போடு என்று சொல்வதில்லை.

இன்சூரன்ஸ் இருந்தால் விலையைப் பற்றி நமக்கு என்ன கவலை?

அப்படி நினைத்து ஏசி அறை எடுத்த பலர் டிஸ்சார்ஜ் அன்று கவுண்ட்டரில் வாடிப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய பாலிசிகளில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கும். நாளுக்கு 4,000 ரூபாய் வரம்பு என்று வையுங்கள். 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் பாதிதானே நம் கையிலிருந்து போகும் என்று நினைப்போம். இல்லை. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்திலும் உள்ளே வைக்கும் கருவியிலும் அப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் சொன்னது, அது கொஞ்சம் நிம்மதி. கட்டணம் எப்படி அறையைப் பொறுத்து ஏறுகிறது என்று மேலே பார்த்தோம், அதன் மறுமுனை இது.

இன்னொரு பக்கமும் உண்டு. காசு நம்முடையது இல்லை என்றால் நாமும் கேட்க மாட்டோம், அவர்களும் தயங்க மாட்டார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. சில குடும்பங்களுக்கு மருத்துவம் முழு இலவசம், சிலர் செலவில் ஒரு பங்கு போட வேண்டும். இலவசக் குடும்பங்கள் கணிசமாக அதிகம் செலவு செய்தன, ஆனால் சராசரி ஆரோக்கியத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்துகிற சந்தைவாதிகள் உண்டு. ஏழைகளிலும் நோயாளிகளிலும் இலவச மருத்துவம் ரத்த அழுத்தத்தையும் பார்வையையும் சரிசெய்தது என்பதும் அதே பரிசோதனையில் வந்த முடிவுதான். அதனால் ஏழைக்குப் பங்கு கேட்காதே, வசதியுள்ளவரிடம் கேள் என்பது என் முடிவு.

பிடிக்காத இன்சூரன்ஸ் கம்பெனியை விட்டு, பழைய நோய்களுக்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருந்த காலத்தின் பலனை இழக்காமல், வேறு கம்பெனிக்கு மாறும் வசதி 2011 முதல் இருக்கிறது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. இரண்டும் நல்ல காரியம். முன்னதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

அரசு ஆஸ்பத்திரியை இழுத்து மூடச் சொல்கிறீர்கள், அப்படித்தானே?

இல்லை. ஜிஹெச் இல்லாத தமிழ்நாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் பிறந்ததே அங்கேதான்.

அரசு நல்ல வாங்குபவராக நடந்துகொண்ட இடங்களை மட்டும் காட்டுகிறேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு மருந்து வாங்கினார்கள். கழகம் வந்த பிறகு வெளிப்படையான டெண்டர், தரப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அந்தப் பாஸ்புக்கில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை ஆஸ்பத்திரியே எடுத்துக்கொள்ளும். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போயின. உற்பத்தியாளர்களைப் போட்டியிட வைத்ததால்தான் அரசுக்குக் குறைந்த விலையில் மருந்து கிடைக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீடு வந்தது, 2012 முதல் முதலமைச்சர் காப்பீடு என்று பெயர் மாறியது. கையில் அட்டை வைத்திருப்பவர் பட்டியலில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கும் போகலாம், தனியாருக்கும் போகலாம். இரண்டு கட்சிகளும் மாறி மாறி நடத்திய திட்டம். சந்தை என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை, ஆனால் காசு நோயாளி பின்னால் போனது.

ஏழைக்குச் சந்தையில் என்ன இடம் இருக்கிறது?

மதுரைக்குப் போங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், 58 வயதில், ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரலாலேயே கண்ணில் கத்தி பிடிக்கப் பழகியவர்.

அங்கே கட்டணப் பிரிவு ஒன்று, இலவசப் பிரிவு ஒன்று. எந்தக் கதவில் நுழைவது என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை, ரேஷன் அட்டையின் நிறம் பார்ப்பதில்லை. காசு உள்ளவர் ஏமாற்றி இலவசத்தில் நுழைந்துவிட மாட்டாரா? நுழையலாம். ஆனால் கட்டணப் பிரிவில் தனி அறையும் வேறு வசதிகளும் உண்டு, இலவசத்தில் பாயும் பொது ஹாலும். பெரும்பாலானவர்கள் தங்கள் கதவைச் சரியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய மரியாதை.

தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லாத வேலையெல்லாம் அவர்களிடம் கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலரை ஒட்டிய விலையில் வந்தது. 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. லென்ஸ் விலையைக் குறைக்கச் சொல்லி யாரும் ஆணை போடவில்லை, மலிவாகச் செய்ய ஒருவர் வந்தார்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அரவிந்த் லாப நோக்கில்லாத அறக்கட்டளை. முகாம் நோயாளிகளின் அறுவைக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து மானியமும் வந்திருக்கிறது. டாக்டர் வெங்கடசாமியை முதலாளித்துவவாதி என்று சொன்னால் சிரித்திருப்பார். ஆனால் கட்டணம் கட்டுபவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இங்கே வருவதால்தான் இலவசக் கதவு திறந்திருக்கிறது.

ஸ்டென்ட் விலையை அரசு கட்டுப்படுத்தியதால்தானே சாதாரண மனிதன் பிழைத்தான்?

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் சிறு குழாய். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் மருந்து பூசியதற்கு லட்சத்துக்கு மேல் பில் வந்தது. இதை எதிர்த்துப் பேசுவது எனக்கே சங்கடம். மேஜையில் படுத்திருப்பவர் வேறு கடை பார்க்க முடியாது, அவருக்கு நிம்மதி கிடைத்தது உண்மை.

ஆனால் விலை ஏன் அவ்வளவு இருந்தது என்று பாருங்கள். கம்பெனியிலிருந்து விநியோகஸ்தர், அங்கிருந்து ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு கையிலும் விலை ஏறியது, ஆஸ்பத்திரிக் கையில்தான் மிக அதிகமாக ஏறியது என்று ஆணையமே வெளியிட்ட கணக்கு காட்டியது. எந்த ஆஸ்பத்திரி எந்த ஸ்டென்டை என்ன விலைக்கு வைக்கிறது என்று யாருக்கும் தெரியாததால்தான் அது முடிந்தது. உச்சவரம்பு வந்ததும் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி தன் புதிய ரகங்கள் இரண்டைத் திரும்பப் பெற அனுமதி கேட்டது. விலையை அமுக்கினால் இன்றைய நோயாளிக்கு லாபம், நாளைக்கு வர வேண்டிய நல்ல சரக்கு தயங்கி நிற்கும். என்னைக் கேட்டால் முதலில் வெளிச்சம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வரம்பு அதற்கப்புறம்.

மருந்துக் கடையில் என்ன தடை?

நிறைய. ஒரு கதை போதும். மருந்துக் கம்பெனி ஒரு ஊரில் புதிய ஸ்டாக்கிஸ்டை, அதாவது மொத்த விநியோகஸ்தரை, நியமிக்க வேண்டுமென்றால் வியாபாரிகள் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று அகில இந்திய மருந்து வணிகர் அமைப்பு ஒரு வழக்கம் வைத்திருந்தது. அரசு விதி இல்லை, அவர்களாகப் போட்டுக்கொண்டது. போட்டி ஆணையம் 2013இல் அது போட்டிக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லி அபராதம் போட்டது. நான் வியாபாரிகள் பக்கம் பேசுவதாக நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். போட்டியை வியாபாரிகள் விரும்புவதில்லை, பக்கத்துக் கடை வராமல் இருப்பதைத்தான் விரும்புகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் பார்மஸியில்தான் வாங்க வேண்டுமா என்பது இன்னொன்று. 2025 மார்ச்சில் இது பற்றிய பொதுநல வழக்கில் அப்படிக் கட்டாயப்படுத்துவதற்குத் தடை எதுவும் போடாமல் மாநிலங்கள் கொள்கை வகுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. கட்டாயப்படுத்துவதில்லை என்று ஆஸ்பத்திரிகள் சொல்கின்றன. நர்ஸ் கையில் சீட்டோடு வந்து "கீழே போய் வாங்கிட்டு வாங்க" என்னும்போது எந்தக் கீழே என்று நமக்கெல்லாம் தெரியும்.

டாக்டர் ஆவதற்கு லைசன்ஸே வேண்டாம் என்பீர்களா?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962இல் அப்படித்தான் வாதாடினார். சான்றிதழ் போதும், தடை வேண்டாம் என்றார். ஸ்டெராய்டு ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் போலி டாக்டர்களைப் பார்த்த ஊர்க்காரனுக்கு அது ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை.

ஆனால் லைசன்ஸ் தரத்தைக் காக்கிறதா, எண்ணிக்கையைக் குறைக்கிறதா என்று கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தில் பத்து லட்சம் பேருக்கு 100 எம்பிபிஎஸ் இடங்கள் இருந்தால் போதும், அதற்கு மேல் புதிய கல்லூரி கிடையாது. தமிழ்நாடு ஏற்கெனவே அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. கல்லூரி நடத்த ஆள் இருக்கிறது, படிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள், டெல்லியில் ஒரு வாய்ப்பாடு மட்டும் வேண்டாம் என்கிறது. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், எதிர்ப்பு வலுத்து நவம்பரில் விதியைத் தள்ளிவைத்தார்கள். திராவிடக் கட்சி முதல்வர் கோட்டாவை எதிர்த்து எழுதிய கடிதத்தை ராஜாஜி படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

டாக்டர் செய்ய வேண்டாத வேலையை மற்றவர் செய்யட்டும் என்பதும் இதில் சேர்ந்ததே. சத்தீஸ்கர் 2001இல் மூன்று வருஷ மருத்துவப் படிப்பு ஒன்று தொடங்கியது. டாக்டர் சங்கங்கள் எதிர்த்தன, சில வருஷத்தில் படிப்பு நின்றுபோனது. ஆனால் படித்து முடித்தவர்கள் டாக்டர் போகாத காட்டுப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தார்கள். இங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் அக்காவும் டாக்டர் இல்லை.

அமெரிக்காவைப் பார்த்த பிறகுமா?

அமெரிக்காவைப் பார்த்ததால்தான் சொல்கிறேன். அங்கே இருப்பது சந்தை என்று நினைப்பது நம்மவர்களின் பெரிய தப்பு. 1942இல் போர்க்காலத்தில் கூலியை உறைய வைத்தார்கள். சம்பளம் ஏற்ற முடியாத கம்பெனிகள் இன்சூரன்ஸ் கொடுத்து ஆள் பிடித்தன, அதற்கு வரி விலக்கும் வந்தது, 1954 வரிச் சட்டம் அதை உறுதியாக்கியது. விளைவு, வேலை போனால் இன்சூரன்ஸும் போகும், விலை யாருக்கும் தெரியாது. 1964இல் நியூயார்க் தொடங்கி வைத்த இன்னொரு வழக்கம், புதிய ஆஸ்பத்திரி கட்ட வேண்டுமானால் தேவை இருக்கிறது என்று அரசிடம் சான்று வாங்க வேண்டும் என்பது. பல மாநிலங்களில் இன்னும் உண்டு. ஏற்கெனவே உள்ள ஆஸ்பத்திரி அங்கே போய் ஆட்சேபம் சொல்லலாம். நம் ஊர் ஸ்டாக்கிஸ்ட் சான்றின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியலை இணையத்தில் போட வேண்டும் என்ற விதி அங்கே 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூர்?

ஓரளவு. 1984 முதல் ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் ஒரு பகுதி அவரவர் பெயரில் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. பெரிய செலவுக்கு 1990இல் மெடிஷீல்டு காப்பீடு, அதுவும் முடியாதவருக்கு 1993இல் மெடிஃபண்டு உதவி நிதி. ஆஸ்பத்திரி பில் தொகைகளை அரசே வெளியிடுகிறது. ஆனால் பெரும்பாலான படுக்கைகள் அரசு ஆஸ்பத்திரிகளில்தான், மானியமும் பலமாக உண்டு. சந்தை மட்டும் அதைச் செய்தது என்றால் பொய். வேலை பெர்மிட்டில் போகும் நம் ஊர்ப் பையன்களுக்கு மெடிசேவ் கிடையாது, முதலாளி எடுத்துத் தரும் இன்சூரன்ஸ்தான்.

தனிமனித உரிமை என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது எங்கே வருகிறது?

எனக்கு விலையைவிட இது முக்கியம்.

1976-77இல், நெருக்கடி நிலையின்போது, ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு அறுவைகள் நடந்தன. ஆசிரியருக்கு, தாசில்தாருக்கு, போலீசுக்கு எல்லாம் இலக்கு. நாட்டு நலன் என்ற பெயரில் ஆட்களை வேனில் ஏற்றினார்கள். உடம்பு அரசாங்கத்தின் இலக்குக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அறிக்கை சாட்சி.

அரசு மட்டும் இல்லை, டாக்டரும் செய்யலாம். டெல்லியில் 1995இல் ஒரு பெண் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். பரிசோதனை நடக்கும்போதே வெளியே காத்திருந்த அவருடைய வயதான அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோய்க்கு அது சரியான சிகிச்சையாகக்கூட இருக்கலாம். ஆனால் வயது வந்த, புத்தி தெளிவான பெண்ணின் உடம்புக்கு அம்மா சம்மதிக்க முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அறுவைக்கான கட்டணம் கிடையாது, மேலே 25,000 ரூபாய் இழப்பீடு. நம் ஊரில் இன்றைக்கும் சம்மதப் படிவத்தை நோயாளியிடம் நீட்டாமல் "வீட்டுக்காரர் யாரு?" என்று தேடுகிறார்கள்.

2018 மார்ச்சில் அதே நீதிமன்றம், தேறாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற கட்டுப்பாட்டால் அநேகமாக யாரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று தளர்த்தினார்கள்.

அப்போ தடுப்பூசி போட மாட்டேன் என்பதும் உரிமையா?

யாரையும் பிடித்து ஊசி போட முடியாது என்று 2022 மே 2இல் கோவிட் தடுப்பூசி வழக்கில் தீர்ப்பு வந்தது. அடுத்தவருக்கு ஆபத்து இருக்கும் காலத்தில் நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. இரண்டும் சரி. நான் மூன்று டோஸும் போட்டுக்கொண்டேன்.

உடம்பு அவரவர் சொத்து என்றால் கிட்னியை விற்கலாமா?

இங்கேதான் நான் தடுமாறுவேன். கொள்கைப்படி ஆம் என்று சொல்ல வேண்டும். ஈரானில் காசு கொடுத்துக் கிட்னி வாங்குவது சட்டப்படி நடக்கிறது. ஆனால் சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் இருந்தது நமக்குத் தெரியும். கிட்னி விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து ஓர் ஆய்வு நடத்தி 2002இல் வெளியிட்டார்கள். 96 சதவீதம் பேர் கடன் அடைக்கத்தான் விற்றார்கள். சராசரியாகக் கிடைத்தது சுமார் 1,070 டாலர். பிற்பாடு அவர்கள் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, பெரும்பாலானவர்கள் இன்னும் கடனில்தான் இருந்தார்கள்.

1994 சட்டம் விற்பனையைத் தடை செய்த பிறகு நடந்தவையும் இதில் சேர்ந்தவைதான், தடையால்தான் தரகர் விலையைத் தின்றார் என்று வாதாட முடியும். வாதாடியும் இருக்கிறேன். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை.

உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி காசு கொடுக்கிறது?

விலையை வாசலில் எழுதச் சொல்கிறவனுக்கு எந்த ஆஸ்பத்திரியும் காசு கொடுக்காது.

அடுத்த வாரம் வீட்டில் ஆபரேஷன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டாக்டர் தேதி சொன்னதும் பதறாதீர்கள், "தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மொத்தத் தொகையை, எந்த வகை அறைக்கு என்று குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். உள்ளே வைக்கும் பொருளின் கம்பெனி பெயரும் விலையும் அதில் தனியாக இருக்கட்டும். பாலிசியில் அறை வரம்பு உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே பாருங்கள். சம்மதப் படிவத்தை ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரில் வைத்து வாங்குவார்கள், முந்தின நாளே தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள், நோயாளியே கையெழுத்துப் போடட்டும்.

மாமாவுக்குப் போன வருஷம் மறுபக்கமும் குடலிறக்கம் வந்தது. இந்த முறை அவரே மூன்று இடத்துக்குப் போன் போட்டார். இரண்டு இடத்தில் "நேரில் வாங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். மூன்றாவது இடம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அறை, டாக்டர், வலை, மருந்து எல்லாம் சேர்த்து ஒரே தொகை, கீழே கையெழுத்து. மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அங்கேதான் அட்மிட் ஆனார்.